பிரஷர் அறையில் ஒரு டேப்: பி.எச்.க்யூ-9 மனச்சோர்வுக் கேள்விகள், ஒரு டாக்டரின் மதிப்பீடு

சாத்தூருக்குப் பக்கத்தில் சின்ன கிளினிக் நடத்தும் பொது மருத்துவர் நான். எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குப் போகிறவர்களும் மானாவாரி விவசாயம் பார்க்கிறவர்களும்தான். இங்கே யாரும் "மனசு சரியில்லை" என்று சொல்லி டோக்கன் வாங்குவதில்லை. கை கால் அசதி, நெஞ்சு படபடப்பு, தலைபாரம், விடியற்காலை மூன்று மணிக்கே முழிப்பு தட்டிவிடுகிறது, சோறு இறங்கவில்லை, கேஸ் ஏறுகிறது என்றுதான் வருவார்கள். "ஒரு சத்து ஊசி போட்டு விடுங்க டாக்டரம்மா, இல்லன்னா குளுக்கோஸ் ஏத்துங்க" என்பார்கள். இவர்களில் யாருக்கு மனச்சோர்வு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு வருடத்துக்கு மேலாக டேப்பில் (தொடுதிரைக் கையடக்கக் கணினி) பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விகளைக் கேட்டு வருகிறோம். முதலில் ஒரு நிறுவனத்தின் கட்டணச் செயலி, அப்புறம் நாங்களே அமைத்துக்கொண்ட படிவம். "வாங்கலாமா, வேலைக்கு ஆகுமா?" என்று என்னோடு படித்தவர்கள் அடிக்கடி கேட்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

கேள்வித்தாளைப் பற்றி முதலில். ராபர்ட் ஸ்பிட்சர், ஜேனட் வில்லியம்ஸ், கர்ட் குரோயன்கே ஆகியோர் அமெரிக்காவில் உருவாக்கியது. ஃபைசர் நிறுவனம் பண உதவி செய்தது. ஒன்பது கேள்விகளும் எவ்வளவு நம்பகமானவை என்று காட்டிய ஆய்வு 2001-இல் வந்தது. யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல், அனுமதி கேட்காமல் பயன்படுத்தலாம். கடந்த இரண்டு வாரங்களில் ஒவ்வொரு தொந்தரவும் எத்தனை நாள் இருந்தது என்று கேட்கும். இல்லவே இல்லை என்றால் 0, சில நாட்கள் என்றால் 1, பாதி நாட்களுக்கு மேல் என்றால் 2, கிட்டத்தட்ட தினமும் என்றால் 3. மொத்தம் 27. 5 முதல் லேசானது, 10 முதல் மிதமானது, 15 முதல் சற்றுக் கடுமையானது, 20 முதல் கடுமையானது என்று கணக்கு. எதிலும் நாட்டமில்லாமை, மனம் சோர்ந்திருப்பது என்ற முதல் இரண்டு கேள்விகளை மட்டும் தனியே கேட்பதுண்டு. அதற்குப் பெயர் பி.எச்.க்யூ-2. அதில் 6-க்கு 3 வந்தால் மீதியையும் கேட்க வேண்டும். 30 வயது தாண்டியவர்களிடம் சர்க்கரை, ரத்த அழுத்தம் பற்றி வீடு வீடாகக் கேட்டு நிரப்பும் அரசுப் படிவத்திலும் இந்த இரண்டு கேள்விகள் வந்துவிட்டன. ஆக, கிராமத்து ஆட்களுக்கும் இது அந்நியமான சமாச்சாரம் இல்லை.

எங்கள் கிளினிக்கில் இதைக் கேட்பது பிரஷர் பார்க்கும் அறையில். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நிரப்பச் சொன்னால் பக்கத்தில் மாமியார் எட்டிப் பார்ப்பார், இல்லையென்றால் பேரன் டேப்பைப் பிடுங்குவான். "பிரஷர் பார்க்கணும், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்று சிஸ்டர் சொன்னால் கூட வந்தவர்கள் மறு பேச்சில்லாமல் எழுந்து போய்விடுகிறார்கள். திரைச்சீலைக்கு உள்ளே சிஸ்டரும் அந்த அம்மாவும் மட்டும். படிக்கத் தெரிந்தவர்கள் தாங்களே தொட்டு நிரப்பிவிடுவார்கள், ஐந்து நிமிடம்கூட ஆகாது. படிக்கத் தெரியாதவர்களுக்கு சிஸ்டர் வாசிக்க வேண்டும். "போன பத்திரகாளியம்மன் பொங்கல்ல இருந்து இன்னைக்கு வரைக்கும், எத்தனை நாள் தூக்கம் வரலைக்கா?" என்று ஊரில் நடந்த ஒரு நாளைப் பிடித்துக் கேட்டால்தான் இரண்டு வாரம் என்பது மனதில் பதிகிறது. இதற்குப் பத்து நிமிடம் ஆகும். செயலி விற்பவர்கள் சொல்லும் "இரண்டே நிமிடம்" கணக்கில் இந்தப் பத்து நிமிடம் கிடையாது.

அந்தக் கட்டணச் செயலியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பெரிய எழுத்து, தமிழில் குரல், கடைசியில் வண்ண வரைபடம். ஆனால் அன்றாடப் பயன்பாட்டில் நான்கு கோளாறுகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் பெரியதுதான்.

ஒன்று, எல்லாக் கேள்விக்கும் "இல்லவே இல்லை" என்ற பதில் ஏற்கெனவே தேர்வாகியே வரும். அவசரத்தில் "அடுத்து, அடுத்து" என்று தட்டிக்கொண்டே போனால் 0 என்று முடிந்துவிடும். கூட்டம் அலைமோதும் திங்கட்கிழமைகளில் எங்களுக்கு எத்தனை பூஜ்யம் வந்தது என்று பார்த்தபோதுதான் சந்தேகமே வந்தது. பதில் சொல்லாத ஆளும், நன்றாக இருக்கும் ஆளும் அந்தச் செயலிக்கு ஒன்று.

இரண்டாவது கோளாறு ஆபத்தானது. மொத்த எண்ணை மட்டும் வைத்து நிறம் காட்டும். ஒருவருக்கு மொத்தம் 8 வந்தது, திரை முழுக்கப் பச்சை. உள்ளே போய் ஒவ்வொரு பதிலாகப் பார்த்தால் ஒன்பதாவது கேள்விக்கு 2. இருப்பதைவிடச் செத்துவிடுவதே மேல் என்றோ, தன்னைத் தானே ஏதாவது செய்துகொள்ளலாம் என்றோ நினைப்பு வருகிறதா என்பதுதான் அந்தக் கேள்வி. பாதி நாட்களுக்கு மேல் அந்த நினைப்போடு இருந்த ஒருவரைப் பச்சை நிறம் காட்டி வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறது செயலி. சிஸ்டருக்கு அவர் முகம் சரியாகப் படாததால் என்னிடம் அழைத்து வந்தார். அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். அடுத்த பதிப்பில் சரிசெய்வதாகப் பதில் வந்தது. அடுத்த பதிப்பிலும் அப்படியேதான் இருந்தது.

மூன்று, கேள்வியைத் தொடங்கவே கைபேசிக்கு ஓ.டி.பி. வர வேண்டும். எங்கள் பக்கம் பல பெண்களுக்குச் சொந்த எண் இல்லை. கொடுப்பது கணவன் எண், இல்லாவிட்டால் சென்னையிலோ திருப்பூரிலோ வேலை பார்க்கும் மகன் எண். நான்கு, முடிவை அதே எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பும். ஒரு மருமகளின் மனநிலை மதிப்பெண் அவளுக்குத் தெரியும் முன்பே அவள் வீட்டுக்காரர் கைபேசியில் போய் விழுகிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு ரகசியத்தை நோயாளியின் உரிமை என்று சொல்கிறது. சட்டம் கிடக்கட்டும், அந்தக் குறுஞ்செய்தியால் வீட்டில் என்ன பேச்சு வரும் என்பது நம் ஊரில் யாருக்கும் தெரியும். இதைத் தெரிந்துகொண்ட அன்றே அந்தச் செயலியை நிறுத்திவிட்டேன். கட்டிய சந்தா போனது போனதுதான்.

அதன்பின் கணினி தெரிந்த உறவினர் ஒருவர் உதவியோடு சொந்தமாக ஒரு படிவம் செய்துகொண்டோம். பெயர் கிடையாது, எங்கள் ஓ.பி. எண் மட்டும். இணையம் வேண்டாம், எல்லாம் டேப்புக்குள்ளேயே பதிவாகும், கரண்ட் போனாலும் கவலையில்லை. எந்தப் பதிலும் முன்கூட்டியே தேர்வாகி இருக்காது. தொடங்கிய நேரமும் முடித்த நேரமும் பதிவாகும். ஒன்பது கேள்வியும் முக்கால் நிமிடத்தில் முடிந்திருந்தால் அந்த மதிப்பெண்ணை நான் கணக்கில் எடுப்பதில்லை, மறுபடி கேட்கச் சொல்வேன். முக்கியமாக, என் மேசைக்கு வரும்போது மொத்த எண் சின்னதாகவும் ஒன்பது பதில்கள் பெரியதாகவும் தெரியும்.

அது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரே வாரத்தில் வந்த இருவர். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இருவருக்கும் மொத்தம் 13.

முதலாமவர் தீப்பெட்டி ஆலையில் வேலை செய்யும் ஓர் அக்கா, நாற்பது தாண்டியவர். தூக்கம் 3, அசதி 3, பசி 3, கவனம் 2, அசைவில் மந்தம் 2. நாட்டமில்லாமை 0, சோர்ந்த மனம் 0, தன்னையே குறைவாக நினைப்பது 0, ஒன்பதாவது கேள்வி 0. உடம்பு சம்பந்தப்பட்ட கேள்வியெல்லாம் நிரம்பி வழிகிறது, மனசு சம்பந்தப்பட்டதில் ஒன்றுமில்லை. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. ஹீமோகுளோபின் 7.2, ரத்தசோகைதான். மாதவிடாயில் மாதம் பத்து நாள் உதிரப்போக்கு, ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி. இரும்புச் சத்து கொடுத்து, அந்தக் கட்டிக்கு வைத்தியம் பார்த்தபின் அதே கேள்விகளுக்கு 4 வந்தது.

இரண்டாமவர் மினி பஸ் ஓட்டுகிறவர். கேஸ் தொந்தரவு என்று வந்தார். நாட்டமில்லாமை 3, சோர்ந்த மனம் 2, தன்னையே குறைவாக நினைப்பது 3, தூக்கம் 2, கவனம் 2, ஒன்பதாவது கேள்வி 1. ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. வட்டிக்கு வாங்கிய கடன், முடியாமல் நின்றுபோன மகள் கல்யாணம் என்று அப்புறம்தான் பேசினார். முதல் இரண்டு கேள்விகளில் கேட்கும் தொந்தரவுகளில் ஒன்றாவது தெளிவாக இருந்தால்தான் மனச்சோர்வு நோய் என்று சொல்லவே முடியும். அந்த அக்காவுக்கு இரண்டுமே இல்லை, இவருக்கு இரண்டுமே உண்டு. பழைய செயலி இருவருக்கும் ஒரே மஞ்சள் நிறத்தில் "மிதமான மனச்சோர்வு" என்று அச்சடித்துக் கொடுத்திருக்கும். இப்போது நாங்கள் முதலில் இரண்டு கேள்வி, அதில் 3 வந்தவர்களுக்கு மட்டும் ஒன்பதும் என்று வைத்திருக்கிறோம். சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை உள்ளவர்களுக்கு அசதியும் தூக்கமின்மையும் எப்படியும் இருக்கும். அவர்கள் மதிப்பெண்ணைப் பார்க்கும்போது அது நினைவில் இருக்க வேண்டும்.

செயலி விற்பவர்கள் "88 சதவீதம் துல்லியம்" என்று துண்டுப் பிரசுரத்தில் போடுகிறார்கள். அந்த எண் பொய்யில்லை. 2001 ஆய்வில் 10 என்ற வரம்புக்கு, நோய் உள்ளவர்களில் 88 சதவீதம் பேரை அது பிடித்தது, இல்லாதவர்களில் 88 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிட்டது. இதை என் ஓ.பி.யில் வைத்துப் பாருங்கள். 100 பேரில் 10 பேருக்கு நோய் என்று வைத்துக்கொண்டால் 9 பேரைப் பிடிக்கும். மீதி 90 பேரில் 12 சதவீதம், அதாவது 11 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். ஆக 20 பேருக்கு மணி அடித்தால் அதில் பாதிப் பேருக்கு மேல் நோய் இல்லாதவர்கள். அந்த 20 பேருக்கும் உட்கார்ந்து பேச எனக்கு நேரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நேரமில்லாத டாக்டர் கையில் இந்தக் கருவி கிடைத்தால் 20 பேருக்கும் மாத்திரை எழுதிவிடுவார். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சங்காத் என்ற தொண்டு அமைப்பு நடத்திய ஆய்வில், 14-க்கு மேல் வந்தவர்களைத்தான் சிகிச்சைக்கு எடுத்தார்கள். சிகிச்சை கொடுத்தவர்களும் மனநல மருத்துவர்கள் இல்லை, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். பேச்சும், நின்றுபோன அன்றாட வேலைகளை ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்க வைப்பதும்தான் முறை. பலன் கிடைத்தது. நானும் 10 முதல் 14 வரை வந்தால் மருந்துக்கு அவசரப்படுவதில்லை, இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லி மறுபடி கேட்கிறேன்.

இனி ஒன்பதாவது கேள்வி. எந்தச் செயலியை எடைபோட வேண்டுமென்றாலும் நான் நேரே இதைத்தான் பார்ப்பேன். எங்கள் படிவத்தில் இதற்கு 0 தவிர எந்தப் பதில் வந்தாலும், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், திரை அங்கேயே நின்றுவிடும். "டாக்டரிடம் காட்டவும்" என்று மட்டும் வரும், என் மேசையில் மணி அடிக்கும். சிஸ்டர் அவரை விட்டு நகர மாட்டார். பார்த்துக்கொண்டிருக்கும் நோயாளியை முடித்துவிட்டு அடுத்து இவரைத்தான் பார்ப்பேன், டோக்கன் வரிசை பிறகு.

அறைக்குள் வந்ததும் சுற்றி வளைப்பதில்லை. "செத்துப் போகலாம்னு தோணுதாம்மா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா? இதுக்கு முன்னாடி ஏதாவது பண்ணிக்கிட்டீங்களா?" என்று நேராகவே கேட்பேன். கேட்டால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடும் என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி வருவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. என் அனுபவத்தில், கேட்டதும் பெரும்பாலும் ஒரு நீண்ட மூச்சு வரும், அப்புறம் பேச்சு வரும். அடுத்து வரும் பயம் போலீஸ். "கேஸ் ஆயிருமா டாக்டர்?" என்பார்கள். ஆகாது. 2017 சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதித் தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆவது பிரிவும் இல்லை. இதை நோயாளியிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்று கட்டாயம் கேட்பேன். விவசாய வீடுகளில் அது அரிசி மூட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கும். நோயாளி சம்மதித்தால் நம்பிக்கையான ஒருவரை உள்ளே அழைத்து, இன்றைக்கே அதை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்வேன். சென்னையின் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைச் சேர்ந்தவர்கள் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டி வைக்கும் முறையைச் செய்து பார்த்திருக்கிறார்கள். வீட்டுக்குள் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை என்பதே ஒரு பாதுகாப்பு.

பிறகு 14416. மத்திய அரசின் டெலி-மானஸ் எண், 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், காசு கிடையாது. எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் யாரும் அழைப்பதில்லை. என் அறையிலேயே, என் கைபேசியிலிருந்தே போட்டு அவர் கையில் கொடுக்கிறேன். ஒரு முறை பேசிப் பழகிவிட்டால் ராத்திரியில் தனியாக இருக்கும்போது அவர்களே அழைக்கிறார்கள். ஆபத்து கூடுதலாக இருந்தால் மாவட்ட மருத்துவமனைக்கு ஆள் கூட்டித்தான் அனுப்புவோம். எல்லா ஏற்பாட்டையும் முதலில் செய்து வைத்த பிறகுதான் டேப்பை வெளியே எடுக்க வேண்டும். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது கேட்காமல் இருப்பதைவிடக் கொடுமை.

இந்தக் கேள்வித்தாளின் நிஜமான பலன் எனக்குக் கிடைத்தது இரண்டாம், மூன்றாம் முறை கேட்கும்போதுதான். ஆளைக் கண்டுபிடிக்க இது சுமாரான கருவி. ஆள் தேறுகிறாரா என்று பார்க்க அருமையான கருவி. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரமாவது ஆகும். அதற்குள் "ஒண்ணும் தெரியலை" என்று நிறுத்திவிடுவார்கள். அப்போது பழைய பதிலையும் புதிய பதிலையும் அருகருகே காட்டுவேன். 5 மதிப்பெண் குறைந்தால் நிஜமான முன்னேற்றம், பாதியாகக் குறைந்தால் சிகிச்சை பிடித்துவிட்டது, 5-க்குக் கீழே வந்தால் நல்ல குணம். அந்த மினி பஸ்காரர், "தூக்கம் இன்னும் வரலைதான், ஆனா என்னையே திட்டிக்கிறது குறைஞ்சிருக்கு" என்று திரையைப் பார்த்துத் தானே சொன்னார். அதுவரை அவர் அதைக் கவனித்திருக்கவில்லை. சர்க்கரை அளவை மூன்று மாதத்துக்கு ஒரு முறை எழுதி வைப்பதைப் போல இதையும் நோட்டில் எழுதி வைக்கச் சொல்கிறேன், நோயாளி விரும்பினால் மட்டும்.

எதைக் கேட்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல், ஆனாலும் அசதி தெரியாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடும் செலவோடும் சுற்றிய காலம் உண்டா என்று இதில் கேள்வி இல்லை. அப்படி உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை நோய் உள்ளவருக்கு வெறும் மனச்சோர்வு மாத்திரை கொடுத்தால் நிலைமை தலைகீழாகிவிடும். அதனால் மருந்து எழுதும் முன் நானே கேட்கிறேன். குடியைப் பற்றியும் கேள்வி இல்லை. ஆண்களிடம் மனச்சோர்வு பாட்டிலுக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் என்ற பத்துக் கேள்விகளை அவர்களுக்குச் சேர்த்துக் கேட்கிறோம். அண்மையில் பிள்ளை பெற்ற பெண்களுக்கு பி.எச்.க்யூ-9 தோதில்லை. கைக்குழந்தைக்காரிக்கு யாருக்குத் தூக்கம் சரியாக இருக்கும், யாருக்கு அசதி இல்லாமல் இருக்கும்? 1987-இல் வந்த எடின்பரோ கேள்வித்தாள் அவர்களுக்காகவே அமைந்தது, அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு: கேள்வித்தாளே இலவசம் என்பதால் அதற்கென்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள். வசதிக்காகத்தான் காசு. விற்க வருகிறவர் முன்னாலேயே எட்டுக் கேள்விக்கு 0 போட்டு ஒன்பதாவதுக்கு மட்டும் 1 போட்டுப் பாருங்கள். பச்சை காட்டினால் பையோடு அனுப்பிவிடுங்கள். குறுஞ்செய்தியை அடியோடு நிறுத்தும் வசதி இருக்கிறதா, தகவல் எங்கே போய்ச் சேருகிறது, நோயாளி கேட்டால் அழிக்க முடியுமா என்று எழுத்தில் வாங்குங்கள். நோயாளிக்கும் ஒன்று சொல்லிவிடுங்கள்: பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் டேப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், வைத்தியம் எப்போதும்போல நடக்கும். எங்கள் சிஸ்டர் இதைத்தான் முதலில் சொல்கிறார். அப்படிச் சொல்ல ஆரம்பித்த பிறகு திருப்பிக் கொடுப்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.